ஆறு எஞ்சினும் இரண்டு எஞ்சினும்

1943 பிப்ரவரியில் ஜெர்மனியின் கீல் துறைமுகத்திலிருந்து யு-180 என்ற நீர்மூழ்கி புறப்பட்டபோது அதில் சுபாஷ் சந்திர போஸும் அவருடைய உதவியாளர் அபித் ஹசனும் இருந்தார்கள். ஏப்ரல் இறுதியில் மடகாஸ்கருக்குத் தென்கிழக்கே, அலையடிக்கும் நடுக்கடலில் ரப்பர் தெப்பத்தில் இறங்கி, ஜப்பானின் ஐ-29 நீர்மூழ்கிக்கு மாறினார்கள். மே மாதம் சுமத்ராவுக்கு வடக்கே சபாங்கில் கரையேறினார்கள். அதன்பின் போஸ் சிங்கப்பூர் வந்ததும், மலேயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்ததும் நாம் அறிந்த வரலாறு.

அவரைச் சுமந்து சென்ற எஞ்சின்களைப் பற்றி அதிகம் பேச்சில்லை. பேச வேண்டிய விஷயம் அது. அந்தக் காலத்தில் இதே அளவுள்ள ஜெர்மன் நீர்மூழ்கிகளில் இரண்டு பெரிய டீசல் எஞ்சின்கள் இருக்கும். யு-180-இல் ஆறு. டெய்ம்லர்-பென்ஸ் நிறுவனத்தின் இருபது சிலிண்டர் எஞ்சின்கள், ஒவ்வொன்றும் 1,500 குதிரைத்திறன், ஆக மொத்தம் 9,000. நீர்மட்டத்தில் மணிக்கு 20 கடல் மைலுக்கு மேல் ஓடக்கூடிய நீர்மூழ்கி வேண்டும் என்று ஆசைப்பட்டுச் செய்த ஏற்பாடு. உண்மையில் இந்த எஞ்சின்கள் ஜெர்மன் கடற்படையின் டார்பிடோ விரைவுப் படகுகளுக்காகச் செய்யப்பட்டவை. நிமிடத்துக்கு 1,600 சுற்றுக்கு மேல் சுழலும். எடை குறைவு, வேகம் அதிகம்.

பயணம் முழுக்க அவை சூடேறின, கரும்புகை கக்கின. போஸ் இறங்கிய பிறகு யு-180 பிரான்சின் போர்தோவுக்குத் திரும்பியது. அங்கே ஆறு எஞ்சின்களையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, கெர்மானியாவெர்ஃப்ட் கட்டுதளத்தின் ஆறு சிலிண்டர் எஞ்சின்கள் இரண்டை வைத்தார்கள். இரண்டும் சேர்ந்து 2,800 குதிரைத்திறன். சக்தி மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது, வேகமும் மணிக்கு 15 கடல் மைல் அளவுக்குக் குறைந்தது. போர் உச்சத்தில் இருந்த நேரத்தில் ஒரு கடற்படை இதற்குச் சம்மதித்தது என்றால், நீர்மூழ்கிக்குள் டீசல் எஞ்சினை ஓட்டுவது எப்படிப்பட்ட வேலை என்று முதலில் பார்க்க வேண்டும்.

டீசலுக்கு முன் நீர்மூழ்கிகளில் பெட்ரோல் எஞ்சின்தான் இருந்தது. பெட்ரோல் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். மூடிய இரும்புக் கூண்டுக்குள் அந்த ஆவி தேங்கினால் ஒரு சுவிட்ச் பொறி போதும். 1905 பிப்ரவரியில் அயர்லாந்தின் குவீன்ஸ்டவுனில் பிரிட்டனின் ஏ-5 நீர்மூழ்கி எரிபொருள் நிரப்பிய கொஞ்ச நேரத்தில் வெடித்து ஆறு பேர் இறந்தார்கள். ஜெர்மானியர்கள் மண்ணெண்ணெய் எஞ்சின் வைத்துப் பார்த்தார்கள். அது வெடிக்கவில்லை, ஆனால் வெள்ளைப் புகையை அடிவானம் வரை எழுப்பி, ஒளிந்திருக்க வேண்டிய கப்பலைக் காட்டிக்கொடுத்தது. 1913-இல் வந்த யு-19தான் அவர்களுடைய முதல் டீசல் நீர்மூழ்கி.

ருடால்ஃப் டீசலின் எஞ்சினில் தீப்பொறிக்கே வேலையில்லை. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி கையைச் சுடும் அல்லவா, அந்தச் சூடுதான் இங்கே நெருப்பு. சிலிண்டருக்குள் வந்த காற்றைப் பிஸ்டன் பன்னிரண்டு, பதினைந்து மடங்கு அழுத்துகிறது. காற்று 500 டிகிரி செல்சியசைத் தாண்டுகிறது. அந்த நொடியில் நாசில் வழியாக டீசலைப் பொடித் துளிகளாகப் பீய்ச்சினால் தானாகவே பற்றிக்கொள்கிறது. டீசலோ சாதாரண வெப்பத்தில் எளிதில் ஆவியாகாத எண்ணெய். நீர்மூழ்கிக்கு இதைவிடப் பாதுகாப்பான எஞ்சின் அன்று இல்லை.

ஆனால் அது காற்றைக் குடிக்கிறது. போர்க்காலத்தில் ஜெர்மனி அதிகமாகக் கட்டிய ஏழாம் வகை 'சி' நீர்மூழ்கியை எடுத்துக்கொள்வோம். நீளம் 67 மீட்டர். இரண்டு ஆறு சிலிண்டர் டீசல்கள், சேர்ந்து ஏறத்தாழ 3,000 குதிரைத்திறன். ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 170 கிராம் என்று வைத்தால், முழு வேகத்தில் மணிக்கு 500 கிலோ டீசல் எரியும். ஒரு கிலோ டீசல் எரிய 14.5 கிலோ காற்று தேவை. டீசல் எஞ்சின் எப்போதும் தேவைக்கு மேலேயே இழுக்கும், ஏறக்குறைய இரண்டு மடங்கு. அப்படியானால் மணிக்கு 15 டன் காற்று. நிமிடத்துக்கு 200 கன மீட்டர். கப்பலுக்குள் ஆட்கள் சுவாசிக்க இருக்கும் காற்றையே எஞ்சின் குடிக்க விட்டால் சில நிமிடம்கூடத் தாங்காது.

அதனால் மூழ்கியதும் டீசலை நிறுத்தியே ஆக வேண்டும். பிறகு பேட்டரியும் மின்மோட்டாரும்தான். இந்த வகைக் கப்பல் நீர்மட்டத்தில் மணிக்குப் பத்துக் கடல் மைல் வேகத்தில் 8,500 கடல் மைல் போகும். நீருக்கடியில் மணிக்கு நான்கு கடல் மைல் வேகத்தில் 80 கடல் மைல், அவ்வளவுதான். சினிமா காட்டும் நீர்மூழ்கி நாள் முழுக்க ஆழத்தில் இருக்கிறது. உண்மையான கப்பல் பெரும்பாலும் அலை மேல் டீசலில் ஓடிக்கொண்டிருந்தது. இரவில் மின்மோட்டாரையே ஜெனரேட்டராகச் சுழற்றி டீசல்தான் பேட்டரிக்கும் சார்ஜ் ஏற்றியது.

விமானம் தெரிந்ததும் மணி அடிக்கும். அரை நிமிடத்துக்குள் கப்பல் நீருக்கடியில் இருக்க வேண்டும். டீசலை நிறுத்து, கிளட்சைக் கழற்று, புகைக்குழாயின் வால்வை மூடு, காற்றுக்குழாயின் வால்வை மூடு, மின்மோட்டாரைப் போடு. இதில் காற்றுக்குழாயின் வால்வு ஒன்று மட்டும் மூடாவிட்டால் என்ன ஆகும் என்பதை 1939 மே 23 அன்று அமெரிக்காவின் ஸ்குவாலஸ் நீர்மூழ்கி காட்டியது. நியூ ஹாம்ப்ஷயர் கரைக்கு அப்பால் சோதனை ஓட்டத்தில் மூழ்கிப் பார்த்தார்கள். கட்டுப்பாட்டு அறைப் பலகையில் எல்லா விளக்கும் பச்சை. ஆனால் எஞ்சின்களுக்குக் காற்று தரும் பெரிய குழாயின் வால்வு திறந்திருந்தது. அந்தக் குழாய் நேராக எஞ்சின் அறைகளுக்குள் போகிறது, கடலும் நேராக அங்கேயே இறங்கியது. பின்பகுதியில் இருந்த 26 பேர் இறந்தார்கள். 74 மீட்டர் ஆழத்தில், முன்பகுதியில் உயிரோடு இருந்த 33 பேரை மணி வடிவ மீட்புக் கலத்தில் மேலே கொண்டுவந்தார்கள். எஞ்சின் மூச்சு விடும் வழிதான் கப்பலின் மிகப் பெரிய ஓட்டை என்பதை நீர்மூழ்கிக்காரர்கள் அதற்கு முன்பும் அறிந்திருந்தார்கள், இனி மறக்கப் போவதில்லை.

போரின் கடைசிக் கட்டத்தில் ரேடார் பொருத்திய விமானங்கள் இரவிலும் துரத்தியபோது ஜெர்மானியர்கள் ஸ்நார்கலுக்கு மாறினார்கள். டச்சுக் கடற்படையில் முன்பே இருந்த யோசனை அது. கப்பல் நீருக்குள், ஒரு குழாய் மட்டும் வெளியே, டீசல் ஓடும். குழாயின் தலையில் ஒரு மிதவை வால்வு. அலை மூடும்போது வால்வும் மூடிக்கொள்ளும், எஞ்சினோ நிற்காது. அந்தச் சில நொடிகளுக்குக் கப்பலுக்குள் இருக்கும் காற்றையே உறிஞ்சும். காற்றழுத்தம் சட்டென்று விழும், ஆட்களின் காது பிளக்கும். அலை விலகியதும் காற்று திரும்பப் பாயும், காது மறுபடி வலிக்கும். இரவு முழுக்க இதே.

எஞ்சினுக்கும் அதே தொல்லை. புகை இப்போது நீருக்கடியில் வெளியேற வேண்டும், அதாவது நீரின் அழுத்தத்தை எதிர்த்துத் தள்ள வேண்டும். உள்ளே வரும் பக்கம் காற்று குறைவு, வெளியே போகும் பக்கம் எதிர்ப்பு அதிகம். காற்றை அழுத்தித் திணிக்கும் சூப்பர்சார்ஜர் பொருத்திய எஞ்சின்களில் காற்று வால்வும் புகை வால்வும் கொஞ்ச நேரம் ஒன்றாகத் திறந்திருக்கும்படி அமைத்திருப்பார்கள், புதுக்காற்று பழைய புகையைத் துடைத்துத் தள்ளட்டும் என்று. ஸ்நார்கலில் இது தலைகீழாகிவிடும், புகை சிலிண்டருக்கே திரும்பும். போரின் முடிவில் வந்த இருபத்தொன்றாம் வகைக் கப்பலில் இந்தக் காரணத்தால் சூப்பர்சார்ஜரையே கழற்றினார்கள். 2,000 குதிரைத்திறன் எஞ்சின் 1,200-க்கு இறங்கியது. கரையில் பரிசோதனை மேடையில் நன்றாக ஓடிய எஞ்சினைக் கடல் ஏற்றுக்கொள்ளாததற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

காற்று இப்படி என்றால் தண்ணீர் இன்னொரு கதை. ஏழாம் வகைக் கப்பல் 110 டன்னுக்கு மேல் டீசல் சுமந்தது. அதில் ஒரு பகுதி வெளிப்பக்கத் தொட்டிகளில். அந்தத் தொட்டிகளின் அடிப்பக்கம் கடலுக்குத் திறந்தே இருக்கும். டீசல் நீரைவிட லேசு, மேலே மிதக்கும், மேலிருந்து எஞ்சினுக்கு எடுப்பார்கள். எடுத்த இடத்தைக் கடல் நீர் கீழிருந்து நிரப்பும். தொட்டி எப்போதும் நிறைந்திருப்பதால் ஆழத்தின் அழுத்தம் அதை நசுக்காது, தொட்டிச் சுவரும் தடிமனாக இருக்க வேண்டியதில்லை. எவ்வளவு எளிய தீர்வு பாருங்கள்! இதற்கும் விலை உண்டு. ஒரு டன் டீசல் எரிந்தால் அந்த இடத்தில் 1.2 டன் கடல் நீர் வந்துவிடும். எரிபொருள் தீரத் தீரக் கப்பல் கனக்கும். ஒவ்வொரு டன்னுக்கும் 200 கிலோ கணக்கு வைத்து, தலைமைப் பொறியாளர் சமநிலைத் தொட்டிகளிலிருந்து அவ்வளவு நீரை வெளியே இறைக்க வேண்டும். தப்பினால் அடுத்த முறை மூழ்கும்போது கப்பல் நினைத்த ஆழத்தில் நிற்காது.

நீரும் டீசலும் ஒரே தொட்டியில் இருந்தால் கொஞ்சம் நீர் டீசலோடு வரத்தான் செய்யும். அதைப் பிரிக்க அமெரிக்கக் கப்பல்களில் சுழற்சிப் பிரிப்பான்கள் ஓடிக்கொண்டே இருந்தன. உப்புநீர் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குப் போனால் மயிரிழை அளவில் பொருந்தியிருக்கும் ஊசி துருப்பிடித்துச் சிக்கும். மசகு எண்ணெயில் கலந்தால் எண்ணெய் பால் நிறத்துக்கு மாறும், வழவழப்பு போய்விடும், பேரிங்கின் மென்உலோகம் உருகி வழியும்.

எல்லாவற்றையும்விட ஆபத்து, நீர் சிலிண்டருக்குள்ளேயே போவது. மூழ்கியிருந்த நேரத்தில் புகை வால்வு சரியாக உட்காராமல் நீர் கசிந்து பிஸ்டன் தலையில் தேங்கி நின்றால் போதும். காற்று அமுங்கும், நீர் அமுங்காது. அந்த நிலையில் எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் பிஸ்டன் மேலே வந்து நீரில் மோதி நின்றுவிடும், கனெக்டிங் ராடு வளையும், அல்லது ஹெட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் அறும். ஆகவே மேலே வந்ததும் யாரும் உடனே ஸ்டார்ட் செய்ய மாட்டார்கள். முதலில் மசகு எண்ணெய் பம்பை ஓட்டி பேரிங் எல்லாவற்றுக்கும் எண்ணெய் ஏற்றுவார்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் பக்கவாட்டில் ஒரு சின்னச் சோதனைக் குழாய் இருக்கும், எல்லாவற்றையும் திறப்பார்கள். எஞ்சினை எரிபொருள் இல்லாமல் மெதுவாகச் சுற்ற வைப்பார்கள். ஒவ்வொரு குழாயிலிருந்தும் புஸ் என்று காற்று மட்டும் வர வேண்டும். எதிலாவது நீர்த்துளி தெறித்தால் அங்கேயே நிறுத்தம். எல்லாம் உலர்ந்த காற்று என்றால் குழாய்களை மூடி, அழுத்தக் காற்றைச் சிலிண்டருக்குள் விட்டு பிஸ்டன்களைத் தள்ளி, வேகம் எடுத்ததும் டீசலைத் திறப்பார்கள். மேலே எதிரி விமானம் வரலாம் என்ற நிலையிலும் இந்த வரிசையை விடாமல் செய்தார்கள். எனக்கு அந்த ஒழுங்கின் மேல் பெரிய மரியாதை உண்டு.

எஞ்சின் ஓடும்போது பேச்சு கேட்காது. சைகைதான். வெப்பமானிகளும் அழுத்தமானிகளும் இருந்தாலும் எஞ்சின்காரர்கள் கையை நம்பினார்கள். குளிர்நீர்க் குழாயில் கை வைத்தால் எந்தச் சிலிண்டர் மற்றதைவிடச் சூடு என்று தெரியும். எஞ்சினை நிறுத்திய பிறகு, கிராங்க் ஷாஃப்ட் சுழலும் அடிப்பெட்டியின் கதவுகளைத் திறந்து பேரிங்குகளைத் தொட்டுப் பார்ப்பார்கள்.

ஆனால் நிறுத்திய உடனே திறந்துவிடக்கூடாது. ஒரு பேரிங் காய்ந்து பழுத்திருந்தால் அதன் மேல் பட்ட எண்ணெய் ஆவியாகி, உள்ளே வெண்புகை போல மூடுபனி நிறைந்திருக்கும். கதவைத் திறந்தால் காற்று புகும், சூடான இடம் அங்கேயே இருக்கிறது, வெடித்துவிடும். 1947 செப்டம்பரில் பெல்ஃபாஸ்டுக்கு அருகே ரெய்னா டெல் பசிபிகோ என்ற பயணிகள் கப்பலின் சோதனை ஓட்டத்தில் அடிப்பெட்டி வெடித்து 28 பேர் இறந்த பிறகுதான் கப்பல் எஞ்சின்களில் அழுத்தம் வெளியேற வால்வுள்ள கதவுகள் வைக்கும் விதி வலுப்பெற்றது. பேரிங் சூடு என்று சந்தேகம் வந்தால் நிறுத்து, ஆறவிடு, அதுவரை கதவைத் தொடாதே என்று எஞ்சின் அறைகளில் இன்றும் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

இப்போது யு-180-க்கு வருவோம். டீசல் எஞ்சின் எரிபொருளின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கைக் கொஞ்சம் தாண்டித்தான் வேலையாக மாற்றும். மீதி முழுக்க வெப்பம். 9,000 குதிரைத்திறன் தரும் எஞ்சின்கள் அதைவிட அதிகமான வெப்பத்தைப் புகையிலும் குளிர்நீரிலும் அறையிலும் கொட்டுகின்றன. விரைவுப் படகு திறந்த காற்றில் ஓடும், ஓர் இரவு போய்விட்டு விடிவதற்குள் துறைமுகம் திரும்பும், பட்டறையில் எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பார்கள். நீர்மூழ்கி மாதக்கணக்கில் வெளியே இருக்கும். இருபது சிலிண்டர் வீதம் ஆறு எஞ்சின் என்றால் 120 சிலிண்டர். 120 பிஸ்டன், அதைப்போலப் பல மடங்கு வால்வு. இத்தனையும் ஆள் நகர இடமில்லாத ஒரு குழாய்க்குள். கெர்மானியாவெர்ஃப்டின் இரண்டு எஞ்சினுக்குச் சேர்த்துச் சிலிண்டர் பன்னிரண்டு. அதன் பிஸ்டன் 40 சென்டிமீட்டர் அகலம், கனம் அதிகம், நிமிடத்துக்கு 500 சுற்றுக்கும் குறைவு. ஒரு சிலிண்டர் கெட்டால் அதன் எரிபொருளை அடைத்துவிட்டு மற்றவற்றோடு ஓடலாம். கப்பலை நீருக்கடியில் நிறுத்தி, ஹெட்டைக் கழற்றி, செயின் பிளாக்கில் பிஸ்டனைத் தூக்கி, ரிங் மாற்றி, மறுபடி இறக்கிவிடலாம். நடுக்கடலில் இப்படிச் செய்தவர்கள் உண்டு. கையால் எட்ட முடிகிற எஞ்சின், அதுதான் வேண்டியிருந்தது.

அமெரிக்கர்களும் இதே பாடத்தை வேறு வழியில் கற்றார்கள். ஹூவன்-ஓவன்ஸ்-ரென்ட்ஷ்லர் நிறுவனத்தின் எஞ்சின்களைச் சில நீர்மூழ்கிகளில் வைத்தார்கள். அவற்றில் பிஸ்டனின் மேலும் கீழும், இரு பக்கமும் எரிபொருள் எரியும். காகிதத்தில் பார்த்தால் அதே இடத்தில் இரட்டிப்பு சக்தி. கடலில் அதிர்வு தாங்காமல் கியர் பற்கள் உடைந்தன. 1942 இறுதியில் வட ஆப்பிரிக்கப் படையிறக்கத்துக்குப் போன கன்னல் என்ற கப்பல் முதன்மை எஞ்சின்களை இழந்து, மின்சாரத்துக்காக வைத்திருந்த சின்ன துணை எஞ்சினை நம்பி ஊர்ந்து திரும்பியது. அதன் கேப்டன் ஜான் மெக்கெய்ன், பிற்காலத்தில் அமெரிக்க செனட்டராக இருந்தவரின் தந்தை. அந்த எஞ்சின்களைப் போர் நடக்கும்போதே அகற்றினார்கள்.

அவர்களிடம் நிலைத்த எஞ்சின்களில் ஒன்று ஃபேர்பேங்க்ஸ்-மோர்ஸ். இதன் அமைப்பு எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே சிலிண்டருக்குள் எதிரெதிராக இரண்டு பிஸ்டன், மேலே ஒரு கிராங்க் ஷாஃப்ட், கீழே ஒன்று. இரண்டும் நடுவில் நெருங்கும்போது காற்று அமுங்கி டீசல் எரியும், இரண்டையும் விரட்டும். சிலிண்டர் ஹெட்டே இல்லை. வால்வும் இல்லை, சுவரில் துளைகள்தான். கீழ்ப் பிஸ்டன் புகைத் துளையைத் திறக்கும், மேல் பிஸ்டன் காற்றுத் துளையைத் திறக்கும். கீழ் கிராங்க் 12 டிகிரி முந்திச் சுழல்வதால் புகை முதலில் வெளியேறும், அதன்பின் காற்று நுழையும். ஹெட் கேஸ்கெட் போவதில்லை, புகை வால்வு எரிவதில்லை, ஏனென்றால் அவை இல்லவே இல்லை. குறையும் உண்டு. சிலிண்டரின் உள்ளுறையான லைனரை எடுக்க வேண்டுமென்றால் மேல் கிராங்க் ஷாஃப்டையே கழற்றித் தூக்க வேண்டும்.

சான் பிரான்சிஸ்கோவில் அருங்காட்சியகமாக நிற்கும் பாம்பனிட்டோ நீர்மூழ்கியில் இந்த எஞ்சின்கள்தான். 1944 செப்டம்பரில் தென்சீனக் கடலில் மிதந்துகொண்டிருந்த 73 பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் போர்க்கைதிகளை மீட்டு சைபான் தீவு வரை கொண்டு சேர்த்த கப்பல் அது. மலேயாத் தமிழர்கள் ஆயிரமாயிரமாக மடிந்த சயாம் மரண ரயில் பாதையில் வேலை செய்து, அதன்பின் ஜப்பானுக்குக் கப்பலேற்றப்பட்டவர்கள் அந்தக் கைதிகள்.

பாம்பனிட்டோவின் எஞ்சின்களைத் தன்னார்வலர்கள் பழுது பார்த்து ஓடவிட்டிருக்கிறார்கள். நின்றுபோன கப்பலில் எஞ்சினை உயிரோடு வைப்பது, ஓடும் கப்பலில் வைப்பதைவிடக் கடினம். ஓடாத எஞ்சினில் எண்ணெய் கீழே வடிந்துவிடும், காற்றின் ஈரம் சிலிண்டர் சுவரில் படியும், ரிங்குகள் லைனரோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். அதனால் ஓட்டாத நாளிலும் எண்ணெய் ஏற்றிக் கையால் சுற்றிவிட வேண்டும், சுற்றி நிறுத்தும் இடமும் முன்பு நின்ற இடமாக இருக்கக்கூடாது. குளிர்நீர் ஆற்றிகளில் துத்தநாகக் குச்சிகளை வைத்து, கரைந்ததும் மாற்ற வேண்டும். உப்புநீர் முதலில் துத்தநாகத்தைத் தின்னும், அது இருக்கும்வரை செம்பையும் இரும்பையும் விட்டுவைக்கும். சோதனைக் குழாய்களைத் திறந்து காற்று உலர்ந்து வருகிறதா என்று பார்க்கும் பழைய வரிசை மாறவே இல்லை.

அந்தத் தன்னார்வலர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஃபேர்பேங்க்ஸ்-மோர்ஸின் இந்த எதிர்ப்பிஸ்டன் வகை அருங்காட்சியகப் பொருளாகிவிடவில்லை. அணுமின் நிலையங்களில் அவசர மின்சாரத்துக்கு அது நிற்கிறது. அமெரிக்காவின் ஓஹையோ, லாஸ் ஏஞ்சலிஸ் வகை அணுசக்தி நீர்மூழ்கிகளிலும் துணை எஞ்சினாக அதன் வழிவந்ததே இருக்கிறது. அணு உலையை நிறுத்த நேர்ந்தால் கப்பல் மேலே வந்து, ஸ்நார்கலை நீட்டி, அந்த டீசலைத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.